வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் (1813 – ஆகஸ்ட் 16, 1862) ஆங்கிலேய வானியலாளரும் படைப் பொறியாளரும் ஆவார். 1848 ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வானாய்வகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டு, 1859 வரை அப்பொறுப்பில் இருந்தார். சூரியன் அல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் இருக்கக்கூடும் என்று, வானியல் அளவீடுகளைச் சான்றாகக் காட்டி 1855 இல் அறிவித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். புறக்கோள் தேடலின் வரலாறு பெரும்பாலும் இந்த அறிவிப்பிலிருந்தே தொடங்கப்படுகிறது. இவர் குறிப்பிட்ட கோள் இல்லை என்பது பின்னர் தெளிவானது. ஆயினும் அந்த அறிவிப்பு கிளப்பிய கேள்வி, கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்தபடி நீண்டகாலம் நிலைத்திருப்பது எவ்வாறு என்னும் இன்றைய ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

இளமையும் நில அளவைப் பணியும்

ஜேக்கப் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள வுலாவிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தை ஸ்டீபன் லாங் ஜேக்கப் அவ்வூரின் திருச்சபைக் குரு ஆவார். சிந்துப் பகுதியில் ஜேக்கபாபாத் நகரை நிறுவிய படைத்தலைவர் ஜான் ஜேக்கப் இவருடைய தமையன்.

1828 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் படைக் கல்லூரியில் சேர்ந்தார். பொறியாளர் பிரிவுக்குத் தேர்வு பெற்று, சாத்தம் நகரில் பயிற்சியை முடித்து, 1831 இல் பம்பாய் வந்து சேர்ந்தார். வந்த சில காலத்திலேயே மாபெரும் முக்கோணவியல் நில அளவைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டார்.

இந்த நில அளவை 1802 இல் வில்லியம் லாம்டனால் சென்னையில் தொடங்கப்பட்டது ஆகும். பரங்கிமலை அருகே அளக்கப்பட்ட அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் தெற்கே படிப்படியாக நீட்டிக்கப்பட்டன. 1809 இல் தாமிரபரணிச் சமவெளியில், பாளையங்கோட்டை வட்டாரத்தில், மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான நெட்டாங்குக் கணக்கீடுகளுக்குச் சென்னை வானாய்வகமே தொடக்கப் புள்ளியாக இருந்தது. எனவே நில அளவையாளர் ஒருவர் வானியலாளராக மாறுவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. கோணங்களைத் திரும்பத் திரும்ப அளப்பதும், அளவீட்டில் புகும் பிழைகளைக் கண்டு நீக்குவதும் இரு துறைகளுக்கும் பொதுவான பயிற்சியாகும்.

பூனாவில் இரட்டை விண்மீன்கள்

1842 இல் ஜேக்கப் பூனாவில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகத்தை அமைத்தார். டாலண்டு நிறுவனம் செய்த ஐந்தடி நீளத் தொலைநோக்கி ஒன்றே அதன் முதன்மைக் கருவி. 1843 இல் விடுப்பில் இங்கிலாந்து சென்ற இவர், 1844 இல் மணம் புரிந்து, 1845 இல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டே, கேப்டன் நிலையில் இருந்தபோது, கம்பெனியின் படைப்பணியிலிருந்து விலகி அறிவியல் ஆய்வில் முழுமையாக ஈடுபட்டார்.

பூனாவில் இவர் கவனம் செலுத்தியது இரட்டை விண்மீன்களிலாகும். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சில விண்மீன்கள் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியும். அவற்றுள் பல உண்மையாகவே ஒரு பொது ஈர்ப்பு மையத்தைச் சுற்றிவரும் இணைகள் ஆகும். இத்தகைய 244 இணைகளின் பட்டியலை 1848 இல் அரச வானியல் கழகத்துக்கு அளித்தார். சில இணைகளின் சுற்றுப்பாதைகளையும் கணக்கிட்டார். விருச்சிக விண்மீன் குழுவிலுள்ள நியூ விருச்சிக விண்மீனின் துணை தானே ஓர் இணை என்பதை 1847 இல் கண்டார். 1849 இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

சென்னை வானாய்வகம்

சென்னை வானாய்வகம் 1786 இல் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அலுவலரின் தனிப்பட்ட முயற்சியாகத் தொடங்கியது. பின்னர் கம்பெனி அதனை ஏற்று, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. ஜேக்கப்புக்கு முன்னர் இயக்குநராக இருந்த டி. ஜி. டெய்லர், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைக் கொண்ட புகழ்பெற்ற பட்டியலை வெளியிட்டவர். அவர் 1848 இல் மறைந்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் ஜேக்கப் நியமிக்கப்பட்டார்.

பாரிசு நகரின் லெரெபூர் நிறுவனம் 1850 இல் செய்த 6.3 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி இவர் காலத்தில் சென்னைக்கு வந்தது. இவருடைய சென்னைப் பணிகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த 1,440 விண்மீன்களின் துணைப் பட்டியலை வெளியிட்டார். அதே பட்டியலில் 317 விண்மீன்களுக்கு வானில் பெரிய அளவிலான இயக்கம் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. 1853 முதல் 1857 வரை அவற்றை மீண்டும் நோக்கிய ஜேக்கப், அந்த இயக்கங்கள் தவறாகக் கணிக்கப்பட்டவை என்று காட்டினார். பழைய அளவீடுகளின் சிறு பிழைகள் எவ்வாறு இல்லாத இயக்கத்தைத் தோற்றுவிக்கும் என்பதை இவர் நன்கு அறிந்திருந்தார்.

சனிக் கோளின் மங்கலான உள்வளையம் 1850 இல் கண்டறியப்பட்டது. அவ்வளையத்தின் ஊடாகக் கோளின் உருவம் தெரிவதை, அதாவது வளையம் ஒளி புகவிடுவதை, 1852 இல் ஜேக்கப்பும் வில்லியம் லாசலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியே கண்டனர். 1856 முதல் 1858 வரை சனியின் துணைக்கோள்களை அளந்து அவற்றின் சுற்றுப்பாதைகளைக் கணித்தார். வியாழனின் துணைக்கோள்களை அளந்து, அவற்றின் இயக்கத்திலிருந்து வியாழனின் நிறையைத் திருத்தமாக மதிப்பிட்டார். புவிக்காந்த நோக்கீடுகளும் இவர் மேற்பார்வையில் நடைபெற்றன.

70 ஒபியூக்கி விண்மீன் பற்றிய அறிவிப்பு

பாம்பைப் பிடித்து நிற்பவனாக உருவகிக்கப்படும் ஒபியூக்கசு விண்மீன் குழுவில் 70 ஒபியூக்கி என்னும் விண்மீன் உள்ளது. இது பூமியிலிருந்து ஏறத்தாழ 16.7 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இருளான இடத்திலிருந்து வெறுங்கண்ணால் காணலாம். திருநெல்வேலியிலிருந்து நோக்குவோருக்கு இது வான உச்சிக்குத் தெற்கே சுமார் ஆறு பாகை தள்ளி, ஏறக்குறைய தலைக்கு மேலேயே கடந்து செல்லும். ஆடி, ஆவணி மாதங்களின் முன்னிரவு இதற்கு ஏற்ற காலமாகும்.

இது ஓர் இணை என்பதை வில்லியம் எர்செல் 1779 இல் கண்டார். இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. ஜேக்கப்பின் காலத்துக்குள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான நோக்கீடுகள் சேர்ந்திருந்தன. அவற்றை வைத்துக் கணித்த நீள்வட்டத்தில் விண்மீன்கள் சரியாகப் பொருந்தவில்லை. கணித்த இடத்துக்கும் கண்ட இடத்துக்கும் இடையே சிறு விலகல் இருந்தது. அவ்விலகல் ஒரு பக்கமாகவே பெருகாமல், மாறிமாறி வருவதாகவும் தோன்றியது.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஒன்று இணையில் ஒரு விண்மீனைச் சற்றே அசைப்பதாகக் கொண்டால் இந்த விலகலை விளக்கலாம் என்று ஜேக்கப் கருதினார். அப்பொருள் ஒரு கோளாக இருப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு எனவும் முடிவு செய்தார். இக்கட்டுரை 1855 இல் அரச வானியல் கழகத்தின் மாத இதழில் வெளிவந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர்தான், யுரேனசின் வழி விலகலைக் கணக்கிட்டு நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. எனவே ஜேக்கப் கையாண்ட வழிமுறை அக்கால அறிவியலின் நன்கு ஏற்கப்பட்ட வழிமுறையே ஆகும்.

பிற்கால ஆய்வுகள்

1890களில் அமெரிக்க வானியலாளர் டி. ஜே. ஜே. சீ இக்கருத்தை மீண்டும் எடுத்தார். 36 ஆண்டுகளில் சுற்றும் இருண்ட பொருள் ஒன்று அங்கே உள்ளது என்று உறுதியாகக் கூறினார். 1899 இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் இதனை மறுத்தார். இவர் தொலைநோக்கியைப் பயன்படுத்தவில்லை. அத்தகைய பாதையில் ஒரு பொருள் இருந்தால், மற்றொரு விண்மீனின் ஈர்ப்பால் அப்பாதை விரைவில் குலைந்துவிடும் என்பதைக் கணிதத்தால் காட்டினார். அளவீட்டுக்குப் பொருந்துவது மட்டும் போதாது, ஈர்ப்பு விதிகளின்படி அது நிலைத்து நிற்கவும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1943 இல் ரூயில், ஓம்பெர்க் ஆகிய இருவர் 17 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட வேறொரு பொருளை அறிவித்தனர். அதுவும் நிலைக்கவில்லை. 1988 இல் உல்ஃப் ஐன்ட்சு பழைய அளவீடுகள் அனைத்தையும் மறுஆய்வு செய்து, விலகல்கள் யாவும் அளவீட்டுப் பிழைகளே என்ற முடிவுக்கு வந்தார். 2006 இல் வெளியான ஆரத்திசைவேக ஆய்வும் அங்கே கோள் எதனையும் காணவில்லை.

தேடப்பட்ட விலகல் மிகச் சிறியது. ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்தால் கிடைப்பது ஒரு விகலை. அதிலும் ஒரு சிறு பின்னத்தையே வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு மனிதர் கண்ணால் அளந்திருந்தனர். ஒவ்வொருவருக்கும் கோணத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ காணும் இயல்பு உண்டு. 317 விண்மீன்களின் பொய் இயக்கத்தைக் கண்டறிந்தவரையும் இதே வகைப் பிழை ஏமாற்றியது.

கோள்களின் இடப்பெயர்ச்சியும் ஒத்ததிர்வும்

புறக்கோள்கள் இருப்பது 1992 இல் உறுதியாயிற்று. ஒரு துடிவிண்மீனைச் சுற்றும் இரு கோள்கள் அப்போது அறிவிக்கப்பட்டன. அவற்றின் சுற்றுக்காலங்கள் முறையே 66.5 நாட்களும் 98.2 நாட்களும் ஆகும். இவ்விரண்டின் விகிதம் ஏறத்தாழ 3:2. இத்தகைய எளிய முழு எண் விகிதத்தில் இரு பொருட்கள் சுற்றும்போது, அவை ஏறக்குறைய ஒரே இடங்களில் மீண்டும் மீண்டும் நெருங்குகின்றன. ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவதுபோல, சிறு ஈர்ப்புகள் ஒன்றுசேர்ந்து பெரிய விளைவைத் தருகின்றன. இதுவே சுற்றுப்பாதை ஒத்ததிர்வு எனப்படும். துடிவிண்மீன் கோள்கள் ஒன்றையொன்று அசைப்பது 1994 இல் அளக்கப்பட்டபோது, அவை உண்மையான கோள்கள் என்பதில் ஐயம் நீங்கியது. 70 ஒபியூக்கியின் கோளை மறுத்த அதே ஈர்ப்புக் கணிதம் இங்கே கோள்களை மெய்ப்பித்தது.

ஜேக்கப் சென்னையிலிருந்து அளந்த துணைக்கோள் குடும்பங்கள் இரண்டிலும் இந்த ஒத்ததிர்வு உண்டு. வியாழனின் ஐயோ, யூரோப்பா, கானிமீடு ஆகியவற்றின் சுற்றுக்காலங்கள் 1.77, 3.55, 7.15 நாட்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். சனியின் என்செலடசு, டையோன் இரண்டும் 2:1 விகிதத்திலும், டைட்டன், ஐப்பீரியன் இரண்டும் 4:3 விகிதத்திலும் அமைந்துள்ளன. இவை தொடக்கத்திலிருந்தே இவ்வாறு அமைந்திருக்க வேண்டியதில்லை. கோளின் ஓத விசையால் துணைக்கோள்களின் பாதைகள் மெல்ல விரிவடைந்தபோது ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டன என்ற விளக்கத்தை 1965 இல் பீட்டர் கோல்டிரைக் அளித்தார்.

கோள்களுக்கும் இதுபோன்ற இடப்பெயர்ச்சி உண்டு. இளம் விண்மீனைச் சுற்றி வளியும் தூசும் நிறைந்த வட்டு ஒன்று இருக்கும். அதனுள் உருவாகும் கோள், வட்டில் சுருள் அலைகளை எழுப்புகிறது. வெளிப்புற அலை கோளைப் பின்னிழுக்கும், உட்புற அலை முன்தள்ளும். பெரும்பாலும் பின்னிழுப்பே மிகுவதால் கோள் விண்மீனை நோக்கி நகர்கிறது. வெளிக்கோள் உட்கோளைவிட விரைவாக நகர்ந்தால், இரண்டின் சுற்றுக்கால விகிதம் குறைந்துகொண்டே வந்து 2:1 அல்லது 3:2 என்னும் நிலையை அடையும். அங்கே ஒத்ததிர்வு அவற்றைப் பிணைத்துவிடும். அதன்பின் இரண்டும் சேர்ந்தே நகரும். 2017 இல் ஏழு கோள்களுடன் அறியப்பட்ட டிராப்பிசுட்டு-1 இத்தகைய நீண்ட சங்கிலிக்கு எடுத்துக்காட்டாகும்.

ஆனால் 2009 இல் ஏவப்பட்ட கெப்லர் விண்கலம் கண்ட கோள் இணைகளுள் பெரும்பாலானவை துல்லியமான ஒத்ததிர்வில் இல்லை. சில இணைகள் 2:1 அல்லது 3:2 விகிதத்தைச் சற்றே தாண்டி நிற்கின்றன. வட்டிலிருந்த வளி கலைந்தபின் பல சங்கிலிகள் ஈர்ப்புக் குழப்பத்தால் அறுந்திருக்கலாம். விண்மீனின் ஓத விசை உட்கோளின் ஆற்றலை மெல்லக் குறைத்து, இணையைச் சற்றே விலக்கியிருக்கலாம். எஞ்சிய சிறு பொருட்களின் மோதல்களும் காரணமாகலாம். இது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.

நம் சூரியக் குடும்பத்திலும் இத்தகைய தடயங்கள் உண்டு. நெப்டியூன் மூன்று முறை சுற்றும் காலத்தில் புளூட்டோ இருமுறை சுற்றுகிறது. நெப்டியூன் வெளிநோக்கி நகர்ந்தபோது புளூட்டோவைப் பிணைத்துக்கொண்டது என்று இந்தியாவில் பிறந்த வானியலாளர் ரேணு மல்கோத்ரா 1993 இல் விளக்கினார். வியாழனின் சுற்றுக்காலம் 11.86 ஆண்டுகள், சனியினுடையது 29.46 ஆண்டுகள். ஆகவே வியாழன் ஐந்து முறை சுற்றும் காலமும் சனி இருமுறை சுற்றும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. இவ்விரண்டும் தமிழ் ஆண்டு வட்டத்தின் அறுபது ஆண்டுகளுக்கு அண்மையில் வருகின்றன. இந்த 5:2 நெருக்கத்தால் இரு கோள்களின் இயக்கத்திலும் ஏற்படும் நீண்டகால ஏற்ற இறக்கத்தை 1780களில் லாப்பிளாசு விளக்கினார்.

மலைமேல் வானாய்வகம்

கடல்மட்டக் காற்றின் ஈரமும் அசைவும் நுண்ணிய அளவீடுகளுக்குத் தடையாக இருந்தன. உயரமான மலைகளில் கருவிகளை அமைக்கும் எண்ணம் இக்காலத்தில் பலரிடம் உருவாயிற்று. 70 ஒபியூக்கி பற்றிய கட்டுரை வெளிவந்த 1855 ஆம் ஆண்டிலேயே, திருவிதாங்கூர் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன், தாமிரபரணி தோன்றும் பொதிகை மலையின் அகத்தியர் கொடுமுடியில் காந்தவியல், வானிலை நோக்கீடுகளுக்கான ஆய்வகம் ஒன்றை அமைத்தார். ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட அவ்வுயரத்தில், காட்டையும் மழையையும் எதிர்த்து நோக்கீடுகள் எடுக்கப்பட்டன.

ஜேக்கப்பின் விருப்பம் மலைமேல் விண்மீன்களை நோக்குவதாகும். 1859 இல் சென்னைப் பொறுப்பிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார். 1860 சூலை 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய ஒளிமறைப்பைக் காணச் சென்ற குழுவுடன் ஸ்பெயின் சென்றார். பின்னர், பூனாவுக்கு அருகே சுமார் 5,000 அடி உயரத்தில் வானாய்வகம் அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். பிரித்தானிய நாடாளுமன்றம் இதற்கு 1,000 பவுண்டு ஒதுக்கியது. மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்ற ஒப்புக்கொண்டு, 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றையும் பெற்றுக்கொண்டார்.

மறைவு

1862 ஆகஸ்ட் 8 அன்று ஜேக்கப் பம்பாயில் கரையிறங்கினார். எட்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, பூனாவில் காலமானார். அப்போது இவருக்கு வயது 48. மலை வானாய்வகத் திட்டம் இவருடன் நின்றுபோயிற்று.

தாக்கம்

சென்னை வானாய்வகத்தின் பணி நார்மன் பாக்சன் தலைமையில் தொடர்ந்தது. அவ்வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜேக்கப் விரும்பியதுபோன்ற மலை வானாய்வகம் 1899 இல் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. அவர் சென்னையில் பயன்படுத்திய லெரெபூர் தொலைநோக்கி 1898 இல் டப்ளின் நகரின் கிரப் நிறுவனத்தால் மாற்றியமைக்கப்பட்டு, கொடைக்கானலில் சூரியனை ஒளிப்படம் எடுக்கப் பயன்பட்டது.

விண்மீனின் சிறு அசைவிலிருந்து மறைந்திருக்கும் கோளை அறியும் வழிமுறை இன்று நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் 2014 முதல் 2025 வரை, காற்றின் தடையில்லாத விண்வெளியிலிருந்து, ஜேக்கப்பின் காலத்தில் எண்ணிப்பார்க்க இயலாத துல்லியத்துடன் விண்மீன்களின் இடங்களை அளந்தது. கோள்களால் விண்மீன்கள் அசைவது அவ்வளவீடுகளில் வெளிப்பட்டுள்ளது.